ஓர் அங்குல ரேந்தை

அக்கா மகள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் எலிசபெத் டெய்லர். பித்தளைக் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி, உடம்போடு ஒட்டிய வெள்ளை உள்ளுடையில் நிற்கிறார். "சித்தி, எனக்கு இதே மாதிரி ஒண்ணு தைக்கணும். டிசம்பர்ல சிநேகிதி கல்யாண ரிசப்ஷனுக்குப் போட்டுக்கிட்டுப் போக."

"இது உள்ளே போடுறதாச்சே?"

"அதனாலதான் நல்லா இருக்கு."

பெண் சுதந்திரம் பற்றி எத்தனையோ ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கியிருக்கிறேன். உடை என்பது அவரவர் விருப்பம் என்ற வாக்கியத்தை மட்டும் குறைந்தது இருபது விதமாக எழுதியிருப்பேன். ஆனால் என் வீட்டு வரவேற்பறையில், என் அக்காவின் மகள் கேட்டபோது, "பார்க்கலாம்" என்று மட்டும்தான் வாயில் வந்தது. மயூர் விஹாரில் என்னோடு தங்கி வேலைக்குப் போகிறவள். அவள் அம்மா நாகர்கோவிலிலிருந்து தினம் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வாள். அந்தப் போனை எடுக்க வேண்டியவள் நான்.

முதல் சிக்கல் சொல்லில் ஆரம்பித்தது. 'ஸ்லிப்' என்பதற்குத் தமிழில் என்ன? உள்பாவாடை என்றால் இடுப்புக்குக் கீழே. பாடி என்றால் மார்புக்கு. தோளில் தொடங்கி முழங்கால் வரை வரும் ஒற்றை உடுப்புக்கு நம் வீடுகளில் ஒரு சொல் உண்டு: ஷிம்மீஸ். 'ஷெமீஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலம் வழியாக நம் ஊர்க் கொடிக் கயிறு வரை வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது தெரியாததல்ல. இருந்தும், சில வருடங்களுக்கு முன் ஒரு சினிமாக் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது, நடிகை ஸ்லிப்பில் தோன்றும் காட்சியை 'மெல்லிய ஆடையில்' என்று எழுதி அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும், அது மொழிபெயர்ப்பல்ல, மழுப்பல் என்று.

ஷிம்மீஸ் என்ற சொல்லை அச்சில் எழுதக் கை வராததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது கொடியில் கூடத் தனியாகக் காயாது. அதன் மேல் ஒரு துண்டை விரித்துப் போடுவாள் அம்மா. வெயில் துண்டுக்கு, ஈரம் ஷிம்மீஸுக்கு. மழைக்காலத்தில் அந்த வாடையோடுதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறோம்.

சரி, படத்துக்கு வருவோம். 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்'. எம்.ஜி.எம். தயாரிப்பு, ரிச்சர்ட் புரூக்ஸ் இயக்கம், 1958. டென்னஸி வில்லியம்ஸ் எழுதி 1955இல் நியூயார்க்கில் மேடையேறிய, அதே ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற நாடகம்தான் மூலம். அமெரிக்காவின் தெற்கே பெரிய பண்ணை வீடு. சாகக் கிடக்கும் அப்பா. சொத்துக்குச் சண்டை. குடியில் மூழ்கிக்கிடக்கும் மகனாக பால் நியூமன். அவன் தொடாத மனைவி மேகியாக டெய்லர். அண்ணன் பிள்ளைகளின் குறும்பால் அழுக்கானதை மாற்றிக்கொள்ள அறைக்கு வருகிறாள். மாற்றுகிறாள், பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். கணவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இதுதான் அந்த உள்ளுடைக் காட்சியின் அர்த்தம். பார்ப்பவனுக்குக் கிளுகிளுப்பு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். பார்க்க மறுக்கப்படும் ஒரு பெண்ணின் அவமானம் அது.

1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டைத் தணிக்கை விதிகள் ஆட்டிவைத்தன. ஆடை களையும் காட்சி, கதைக்கு அத்தியாவசியமானாலொழியக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. நாடகத்தில் வெளிப்படையாக இருந்த ஓரினச் சேர்க்கை பற்றிய பேச்சைப் படத்தில் பெருமளவு மழுப்ப வேண்டியிருந்தது. வாயால் சொல்ல முடியாமல் போனதில் பாதியை உடுப்பு சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பு உடை வடிவமைப்பாளர் ஹெலன் ரோஸுக்கு.

ரோஸ் லேசுப்பட்டவர் அல்ல. இரண்டு முறை ஆஸ்கர் வாங்கியவர். 1956இல் மொனாக்கோ இளவரசரை கிரேஸ் கெல்லி மணந்தபோது அணிந்த உடை இவர் வடிவமைத்ததுதான். இப்போது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷிஃபான் துணி இவர் கையில் தண்ணீர் மாதிரி. ஸ்லிப்புக்கு மேல் மேகி போட்டுக்கொள்ளும் வெள்ளை ஷிஃபான் கவுனும் அப்படித்தான். டெய்லருக்கு அப்போது வயது 26. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1958 மார்ச் 22 அன்று, கணவர் மைக் டாட் விமான விபத்தில் இறந்தார். சில வாரங்கள் கழித்து டெய்லர் செட்டுக்குத் திரும்பினார். படத்துக்கு ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த 'பட்டர்ஃபீல்ட் 8' படத்திலும் அதே ரோஸ், அதே டெய்லர், முதல் காட்சியிலேயே இன்னொரு ஸ்லிப். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது.

உள்ளே இருப்பது வெளியே வருவது சினிமா கண்டுபிடித்ததும் அல்ல. 1783இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் ராணி மரீ அந்துவானெத்தின் படம் ஒன்று வைக்கப்பட்டது. வரைந்தவர் விஜே ல ப்ரன் என்ற பெண் ஓவியர். மெல்லிய வெள்ளை மஸ்லினில், ஷெமீஸ் போன்ற கவுனில் ராணி. உள்ளாடையோடு நிற்கிறாள் என்று ஊரே கொதித்தது. படத்தை இறக்கிவிட்டு, பட்டு உடுத்திய வேறொரு படத்தை மாட்ட வேண்டியதாயிற்று. பிரெஞ்சுப் பட்டை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பருத்தியைக் கட்டுகிறாளே என்பதும் கோபத்தில் சேர்த்தி. 1996இல் ஜான் எஃப். கென்னடியின் மகனை மணந்த கரோலின் பெஸெட் அணிந்த கல்யாண உடுப்பும் ஒரு நீள ஸ்லிப்தான். அதற்குள் உலகம் கொதிப்பதை விட்டுவிட்டு நகலெடுக்க ஆரம்பித்திருந்தது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி சித்தி, துணி எப்போ வாங்கலாம்?" என்றாள்.

கன்னாட் பிளேஸ் பக்கத்தில் சங்கர் மார்க்கெட்டில் தந்த நிற க்ரேப் சாட்டின் பட்டு வாங்கினோம். 44 இஞ்ச் அகலம். இரண்டரை மீட்டர் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் தெருமுனைத் தையற்காரர் சிரித்தார். மாஸ்டர்ஜி பரேலியிலிருந்து வந்து டெல்லியில் தலை நரைத்தவர். "நாலு மீட்டர்" என்றார். "உடம்புல வழியணும்னா ஔரேப் வெட்டணும். ஔரேப் துணி தின்னும்."

ஔரேப் என்றால் குறுக்கு வெட்டு. நம் ஊர்த் தையற்காரர்கள் க்ராஸ் என்பார்கள். துணியில் பாவு நூலும் ஊடு நூலும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கின்றன. நூல் வாக்கில் இழுத்தால் துணி விட்டுக்கொடுக்காது. 45 டிகிரி சாய்வில் இழுத்தால், கட்டம் கட்டமான வலை சாய்ந்து, ரப்பர் போல நீளும். அதனால் க்ராஸில் வெட்டிய துணி இடுப்பில் ஒட்டும், நடக்கும்போது விடும். பாரிஸில் மதலேன் வியோன்னே 1920களில் சின்ன மரப் பொம்மைகளின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1933இல் 'டின்னர் அட் எய்ட்' படத்தில் ஜீன் ஹார்லோ போட்டு வந்த சாட்டின் கவுன் ஹாலிவுட்டுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. வடிவமைத்தவர் ஏட்ரியன்.

இதை நான் ஹிந்தியில் தட்டுத்தடுமாறி விளக்கியதும் மாஸ்டர்ஜி கேட்டார்: "சூரிதார் எப்படி வெட்டுறோம்னு நினைக்கிறீங்க?"

வாயடைத்துப் போனேன். உண்மைதான். உடம்போடு ஒட்டும் சூரிதார் பைஜாமா குறுக்கே வெட்டுவதுதான். துணியைச் சாய்வாக ஒட்டி ஒரு பை போலத் தைத்து, அதிலிருந்து கால்களை வெட்டி எடுப்பார்கள். அதனால்தான் கெண்டைக்காலில் ஒட்டவும் செய்கிறது, உட்கார்ந்தால் கிழியாமலும் இருக்கிறது. டெல்லியிலும் லக்னோவிலும் தாத்தா காலத்திலிருந்து நடக்கும் வேலை.

வெட்டுவது மாஸ்டர்ஜி, தைப்பது நாங்கள் என்று ஒப்பந்தம். முதலில் மலிவான அஸ்தர் துணியில் ஒரு மாதிரி தைத்து, போட்டுப் பார்த்து, மார்பில் டக்கின் இடத்தைச் சரி செய்தோம். பிறகு சாட்டின். அது வழுக்கும். அடியில் காகிதம் விரித்து, காகிதத்தோடு சேர்த்து வெட்டினால் நகராது. நான் பெருமையாகப் பழைய பத்திரிகைகளைக் கொண்டுபோனேன். மாஸ்டர்ஜி ஒதுக்கிவிட்டார். "மை ஒட்டும். வெள்ளைத் தாள் கொண்டா." நான் மொழிபெயர்த்த பக்கங்களுக்கு அவ்வளவுதான் மரியாதை.

குண்டூசி துணியின் நடுவில் குத்தக் கூடாது, ஓட்டை மறையாது. தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும் குத்த வேண்டும். மெஷினில் மெல்லிய ஊசி. உள்ளே பிசிறு தெரியாமலிருக்க, ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை தைத்தோம்: முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல், ஓரத்தை நறுக்கித் திருப்பி, உள்ளே ஒரு தையல். தோள்பட்டைக்கு விரல் தடிமன்கூட இல்லாத குழாய். தைத்து, ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டு, மறுபக்கம் இழுத்துத் திருப்ப வேண்டும். ஒரு பட்டைக்கு அரைமணி நேரம். உள்ளாடை தைப்பவர்கள்மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

இந்த மரியாதையோடு ஒரு வியாழக்கிழமை இரவு அக்காவின் போனை எடுத்தேன். மகளே சொல்லிவிட்டிருந்தாள், படத்தோடு.

"ஏ பிள்ளே, நீ கூட இருந்து இதுக்கா தையல் போடுத?"

சமாதானம் சொல்லப் போனேன். காலம் மாறிவிட்டது, டெல்லியில் இது சகஜம், இத்யாதி. அக்கா குறுக்கிட்டாள். கோபமாகக்கூட அல்ல.

"மேல ஒரு துணி போடதுக்கு அடி வாங்கின ஊரு நம்ம ஊரு, கேட்டியா? படிச்சவளுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. தோள்சீலைப் போராட்டம் எங்கள் பக்கத்து வீடுகளில் பாடப்புத்தக விஷயம் அல்ல. அன்றைய திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைத்தால் குற்றம். மிஷன் பள்ளிகள் குப்பாயம் தைத்துக் கொடுத்தன. அதைப் போட்ட பெண்களைச் சந்தையில் நிறுத்திக் கிழித்தார்கள். 1820களில் தொடங்கிய கலவரம் பல கட்டமாக நடந்து, 1859இல் அரசு இறங்கி வந்தது. அப்போதும் ஒரு நிபந்தனை: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அவங்க கேட்டது சீலைய மட்டுமா? என்ன போடணும்னு அடுத்தவன் சொல்லக் கூடாதுன்னுதானே அடி வாங்குனாங்க?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு அக்கா சொன்னாள்: "நீ சொல்லுதது பேச்சுக்குச் சரிதான் மக்களே. ஆனா நீ அவுக்கணும்னு அவங்க அடி வாங்கல." போன் வைக்கப்பட்டது.

இரண்டு பேரும் சொன்னதில் எதை நான் மறுப்பேன்? கட்டுரையாக இருந்திருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து முடித்திருப்பேன். அன்றிரவு எதுவும் செய்யத் தோன்றாமல் உடுப்பின் அடி ஓரத்தை மடித்துத் தைத்தேன். அது தப்பு. க்ராஸ் துணியைத் தைத்ததும் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். தன் எடையில் அது இறங்கும், ஒரு இடத்தில் அதிகம், ஒரு இடத்தில் குறைவாக. இறங்கி முடிந்த பிறகுதான் அளந்து ஓரம் அடிக்க வேண்டும். மாஸ்டர்ஜி இரண்டு முறை சொல்லியிருந்தார். காலையில் முன்பக்கம் ஒரு இஞ்ச் தொங்கிக்கொண்டும் பக்கவாட்டில் ஏறிக்கொண்டும் இருந்தது. பிரித்தேன்.

எட்டு நாள் கழித்து ஒரு கூரியர் வந்தது. பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி, இரண்டு முழ நீளம், ஓர் அங்குல அகலம், தேயிலைக் கறை நிறத்துக்கு மங்கிப்போன பருத்தி லேஸ். எங்கள் பாட்டி கைவேலை. நாகர்கோவிலில் லேஸ் என்று யாரும் சொல்வதில்லை. ரேந்தை. ஜன்னலும் மேசையும் வந்த அதே போர்ச்சுக்கீசிலிருந்து வந்த சொல். திண்டுத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இந்த வேலையை எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குப்பாயம் போட அடி வாங்கிய அதே தலைமுறை, சீமைக்காரிகளின் உடுப்புக்கு ரேந்தை பின்னிக் கூலி வாங்கியது. பாட்டி வரைக்கும் அந்தக் கைப்பழக்கம் இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

கூடவே ஒரு துண்டுக் காகிதம். அக்காவின் கையெழுத்து. "கழுத்து ரொம்ப எறக்கம். இதை வச்சுத் தைச்சா ஒரு இஞ்சு ஏறும்."

ரேந்தையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகு, கையால் தைத்தோம். மாஸ்டர்ஜி தடவிப் பார்த்தார். க்ராஸில் வெட்டிய கழுத்து இழுபட்டுக்கொண்டே போகுமாம். நீளாத ஒரு நாடாவை உள்ளே வைத்துத் தைத்தால்தான் நிற்குமாம். அதற்கென்று ஒரு பட்டி தயாராக வைத்திருந்தார். "இனி தேவையில்லை. இந்த லேஸே பிடிச்சுக்கும்" என்றார். எலிசபெத் டெய்லருக்கு இருந்ததைவிட ஓர் அங்குலம் மேலே போய் நின்றது கழுத்து. மகள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முறையிடவில்லை.

ரிசப்ஷன் அன்று டெல்லி தன் பங்குக்குத் தீர்ப்பு சொன்னது. குளிர் தாங்காமல், கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டில்தான் ஆட்டோ ஏறினாள். மண்டபத்துக்குள் போய்க் கழற்றியிருப்பாள். நான் பார்க்கவில்லை. அவள் அனுப்பிய படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். பதில் மறுநாள் காலையில்தான் வந்தது: "ஓரம் சரியா இருக்கு."

அதற்கு மேல் எதுவும் இல்லை. சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா நல்ல தையற்காரி. ஓரம் கோணியிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஞாயிறன்று அந்த உடுப்பை அலசி பால்கனிக்குக் கொண்டுபோனேன். கொடியில் போட்டதும் கை தானாக ஒரு துண்டை எடுத்து அதன் மேல் விரித்தது. முப்பது வருடப் பழக்கம். உள்ளேயிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லாமல். துண்டை எடுத்துவிட்டேன். பட்டு நேர் வெயிலில் காயக் கூடாது, நிறம் போய்விடும். அதனால் ஷிம்மீஸை நிழல் பக்கமாக நகர்த்திப் போட்டேன். எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். தெரியட்டும்.